மெலிந்ததற்குச் சொன்ன சாட்சி

புது பல்பு மாட்டும்போது அதன் பித்தளைக் கழுத்தில் அன்றைய தேதியை எழுதிவிட்டுத்தான் மாட்டுவேன். சுவர்க் கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டாலும் அப்படித்தான். அம்பத்தூர் ஏரி எந்த ஆண்டு, எந்த மாதம் கலங்கல் வழிந்தது, எங்கள் தெருவுக்கு முதன்முதலாக எப்போது தார் கொட்டினார்கள், ஆவடிப் பக்கம் போகும் பேருந்து எப்போது வழி மாறியது என்று அக்கம்பக்கத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். இப்படிப்பட்ட எனக்கு ஒரு நாளின் தேதி மட்டும் தெரியாது. 1991ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈஸ்டர் கழிந்து வெயில் ஏறியிருந்தது. அவ்வளவுதான் தெரியும். அன்று காலை ஆராதனையில் என் மனைவி எழுந்து நின்று, நான் மெலிந்ததற்காகச் சபையார் எல்லோருக்கும் முன்னால் சாட்சி சொன்னாள்.

சாட்சி என்றால் கோர்ட்டில் சொல்வது அல்ல. எங்கள் சபையில், கடவுள் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்வதற்கு அந்தப் பெயர். நோய் நீங்கியவர்கள் சொல்வார்கள், மகனுக்கு வேலை கிடைத்தவர்கள் சொல்வார்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் அது சபையின் சொத்து. திரும்ப வாங்க முடியாது. எனக்கு அது அப்போது தெரியவில்லை.

அதற்கு ஆறு ஆண்டு முன்னால் போக வேண்டும். நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் ஆலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தேன். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி எழுதவும் ஒன்றுமில்லை. அவளுடைய தம்பி ஒருவன் ஆவடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமாகாதவன். வாரத்தில் பாதி நாள் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அக்கா பாடம் நடத்துகிற தமிழ் பேசுவாள். தம்பி பட்டறைத் தமிழ் பேசுவான். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் என்று புதிதாக வருகிறவர்கள் நம்பமாட்டார்கள்.

1985 ஐப்பசியில் எனக்கு ஒரு கஷ்டம் வந்தது. யாரும் சாகவில்லை. வேலை போகவில்லை. யாரோடும் சண்டை இல்லை. ஒருநாள் காலை பல்பொடியைக் கையில் கொட்டிக்கொண்டு கொல்லைப்புறத்தில் நின்றேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. மழை தூறிப் பல்பொடி கரைந்து விரலிடுக்கில் வழிந்தது. அப்படியே நின்றேன். ஸ்டோர்ஸில் ஒரு நட்டை எடுத்தால் தொட்டுப் பார்த்தே அளவைச் சொல்கிறவன் நான். கையில் நட்டை வைத்துக்கொண்டு, இது எதற்கு என் கையில் இருக்கிறது என்று யோசித்தேன். படிப்பு போயிற்று. சிறுவயதிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவனுக்குப் பொட்டலம் கட்டிய காகிதத்தில் இருக்கும் நாலு வரிகூடத் தலைக்குள் ஏறவில்லை. பசி இல்லை, தூக்கம் இல்லை. விடிகாலையில் விழிப்பு வந்துவிடும். விழித்ததும் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருக்கும்.

மனைவி என்னை முதலில் போதகரிடம் கூட்டிப்போனாள். தலையில் கை வைத்து ஜெபித்தார். பிறகு உடம்புச் சூடு என்று ஒருவர் சொல்ல, பூந்தமல்லியில் ஒரு சித்த வைத்தியர் எண்ணெய் கொடுத்தார். கடைசியில்தான் நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு. அங்கே போனதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று ரயிலிலேயே என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். அங்கிருந்த டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். குறைவாகப் பேசினார். அமிட்ரிப்டிலின் என்று ஒரு மாத்திரை எழுதினார். வாய் வறளும், மலச்சிக்கல் வரும், தூக்கம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். உடம்பு போடும் என்று சொன்னாரா, சொல்லியும் என் காதில் விழவில்லையா, தெரியாது.

1986 பொங்கல் கழிந்த வாரத்தில் ஒருநாள் பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கும் வாசனை வந்தது. உலகத்தில் வாசனை என்று ஒன்று இருப்பதையே நான் மறந்துபோயிருந்தேன். அன்று செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன், டெண்டர் அறிவிப்புகள் உட்பட. இரண்டு மாதங்களாக விட்டுப்போயிருந்த தேதிகளைப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுச் சரிசெய்துகொண்டேன். மாத்திரைக்கு வீட்டில் "நரம்பு மாத்திரை" என்று பெயர் வைத்தோம். நரம்புக்கு மாத்திரை சாப்பிடலாம். அதில் அவமானம் இல்லை.

நரம்பு மாத்திரை பசியையும் சேர்த்துத்தான் கொடுத்தது. அதுவரை இனிப்பைத் திரும்பிப் பார்க்காதவனுக்கு அந்தி நேரத்தில் வெல்லக் கட்டி ஞாபகம் வரும். சட்டையின் வயிற்றுப் பொத்தான் முதலில் தெறித்தது. தைக்கக் கொடுத்த பேன்ட்டுகள் எல்லாம் பிரித்துத் தைக்கப்பட்டன. பிறகு பிரிக்கவும் துணி இல்லை. வாய் எப்போதும் வறண்டே இருந்ததால், 1988 கோடையில் தாகம் அதிகமானதை நான் கண்டுகொள்ளவில்லை. மாத்திரை தந்த வறட்சிக்குள்ளேயே சர்க்கரையும் வந்து ஒளிந்துகொண்டிருக்கிறது. கணுக்காலில் ஒரு சிராய்ப்பு ஆறாமல் போனபோதுதான் தெரிந்தது.

எங்கள் பகுதியில் சர்க்கரைக்கென்று பேர்பெற்ற டாக்டர் ஒருவர் மெயின் ரோட்டில் கிளினிக் வைத்திருந்தார். காலையில் போனால் ஆளுக்கொரு பாட்டிலில் சிறுநீரோடு வாசல் வரை வரிசை நிற்கும். நல்ல டாக்டர்தான். பலரைக் காப்பாற்றியிருக்கிறார். அவருக்கு ஒரே ஒரு சித்தாந்தம்.

"எடையைக் குறைச்சிட்டு வாங்க சார். மீதியை நான் பாத்துக்கறேன்."

குறைக்கக் கிளம்பினோம். அரிசிதான் எதிரி, கேழ்வரகு நண்பன் என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். நண்பனை எவ்வளவு சாப்பிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. மனைவி சிறு தேங்காய் அளவுக்குக் கேழ்வரகுக் களி உருட்டி வைப்பாள். இரண்டு உருண்டை. சோறு ஒரு பருக்கை கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு. பிறகு ஏரிக்கரையில் நடை. வீட்டில் ஒரு ஸ்பிரிட் விளக்கும், பரிசோதனைக் குழாயும், நீல நிறக் கரைசல் ஒரு புட்டியும் வாங்கி வைத்தோம். கரைசலில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். எங்கள் வீட்டில் எப்போதும் செங்கல்தான். "ஒரு வீடே கட்டலாம்" என்றான் மைத்துனன்.

களியின் அளவு தப்பு என்று பின்னால் தெரிந்து அதையும் பாதியாக்கினோம். அப்புறமும் எடை இறங்கவில்லை. அம்பத்தூர் ரயில் நிலையத்தில் வண்ண விளக்குகள் சுற்றுகிற எடை மெஷின் ஒன்று இருந்தது. காசு போட்டால் ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் அதிர்ஷ்டமும் அச்சடித்த அட்டை விழும். மைத்துனன் ஞாயிறுதோறும் என்னை அதில் ஏற்றுவான்.

"இன்னா மாமா, நீ ஏறுனதும் லைட்டெல்லாம் படபடன்னு அட்ச்சிக்குது. மெஷினு பயந்துகினு கீதா?"

"அட்டையைக் குடுடா."

"இரு, ஜோசியம் மொதல்ல. 'எடுத்த காரியத்தில் வெற்றி.' எடைய பாத்தா அப்டி தெர்லியே."

சிரித்தோம். கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. சர்க்கரை டாக்டர் ஒவ்வொரு முறையும் எடை பார்த்துவிட்டு என்னைப் பார்க்கமாட்டார். என் மனைவியைப் பார்ப்பார்.

"வீட்ல நீங்க சரியாத்தான் குடுக்கறீங்க டீச்சர். வெளியில என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாருங்க."

அதிலிருந்து வீட்டில் நான் திருடன். சாயங்காலம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் அவள் பையைத் தடவிப் பார்ப்பாள். சாப்பாட்டுப் பையின் மேல் எறும்பு ஊர்ந்தால், எறும்பை நசுக்காமல் அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பாள். தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அவன் ஷிப்ட் விடும் நேரத்தில் ஆலை வாசலில் சைக்கிளோடு நிற்பான்.

"கேண்டீன்ல இன்னா மாமா இன்னிக்கு?"

"மோர்தான்டா குடிச்சேன்."

"மோரு குட்சே இப்டின்னா, பாலு குட்சா உன்ன கூட்ஸ் வண்டிலதான் ஏத்தணும்."

"நிஜமாடா. போண்டாவைத் தொடலை."

"நீ தொடல மாமா. அது தானா வந்து வாய்ல வுழுந்துச்சி. அதான?"

மனைவி ஒருநாள் நேராகவே கேட்டாள்.

"ஏங்க, திங்கறதுகூடத் தப்பில்லை. ஆனா தின்னுட்டு எங்கிட்ட இல்லேன்னு சொல்றீங்களே. இவ்வளவு வருஷத்துல வேற என்னென்ன இல்லேன்னு சொல்லியிருப்பீங்க?"

சர்க்கரையைவிட அதுதான் என்னைத் தின்றது. பசியோடு படுத்து, பசியோடு எழுந்து, திருடன் என்று பேரும் வாங்குவது. வாயைத் திறந்து காட்டி நிரூபிக்க முடியாத ஒன்றை எதைக் காட்டி நிரூபிப்பது?

படித்தவன் செய்வதைச் செய்தேன். 1990 மார்கழியில், ஆலையில் எங்களோடிருந்த ஒரு மருந்தாளரின் பழைய ஆங்கிலப் புத்தகத்தை இரவல் வாங்கி, என் நரம்பு மாத்திரையைத் தேடினேன். பக்க விளைவுகள் என்ற தலைப்பின் கீழே பசி அதிகரிப்பு, எடை கூடுதல் என்று இரண்டு சொற்கள். இரண்டு வருடமாக என்மேல் சுமத்தப்பட்ட குற்றத்துக்கு அந்த இரண்டு சொற்கள் போதுமானவையாக இருந்தன. அடுத்த முறை கிளினிக்குக்குப் போனபோது மாத்திரை அட்டையை எடுத்து டாக்டரின் மேசைமேல் வைத்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார். அவர் முகம் மாறியது.

"இதைச் சாப்பிட்டுக்கிட்டா சார் இவ்வளவு நாளா எங்கிட்ட வந்துட்டிருக்கீங்க?"

"நரம்பு மாத்திரைன்னு முதல் நாளே சொன்னேன் டாக்டர்."

"நரம்புன்னா நான் வைட்டமின்னு நினைச்சேன். இது பசியைக் கிளப்பும். உடம்பைத் தூக்கும். நீங்க ஏரியை ஒன்பது சுத்து சுத்தினாலும் குறையாது." மனைவி பக்கம் திரும்பினார். "பாவம் டீச்சர். இவர்மேல தப்பில்லை."

அந்தச் சொல்லைக் கேட்க நான் எதையும் கொடுத்திருப்பேன். உடனே கொடுக்கவும் வேண்டியிருந்தது.

"நிறுத்திடுங்க. இன்னிலேர்ந்தே. மனசுக்கு எதுக்கு சார் மாத்திரை? காலைல எழுந்து நல்லா நடந்தா மனசு தானா வழிக்கு வரும்."

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "உங்க சட்டைப் பையைத் தடவினேனே" என்று இரண்டு மூன்று முறை சொன்னாள். மைத்துனன் மறுநாள் சாயங்காலம் ஒரு பை நிறையக் கொய்யாக்காயோடு வந்து, உட்காராமல் நின்றான். "தப்பா நென்ச்சிகினேன் மாமா. மனசுல வெச்சிக்காத." அன்று மூன்று பேரும் உட்கார்ந்து உப்பு, மிளகாய்ப்பொடி தொட்டுக் கொய்யாக்காய் தின்றோம். நான் நிரபராதி என்று தீர்ப்பாகியிருந்தது. குற்றவாளி மாத்திரை. அதற்குத் தண்டனை கொடுப்பதுதானே முறை?

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்தலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "அவங்க குடுத்த மாத்திரையை அவங்களே எப்படி நிறுத்தச் சொல்லுவாங்க" என்றாள் மனைவி. அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

முதல் வாரம் குமட்டலும் தூக்கமின்மையும். பிறகு சரியாயிற்று. அதற்குப் பிறகு எடை இறங்க ஆரம்பித்தது. எவ்வளவு சுலபமாக இறங்கியது என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. கேழ்வரகும் பாகற்காயும் ஏரிக்கரையும் செய்யாததை, ஒன்றும் செய்யாமலே செய்தது. பெல்ட்டில் ஆணியை வைத்துத் தட்டிப் புதிய ஓட்டை போட்டுக்கொண்டேன். பரிசோதனைக் குழாயில் முதல்முறையாக நீலம் நீலமாகவே நின்றது. மனைவி அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். ஆலையில் என்னைக் கண்டவர்கள் எல்லாம் நின்று பேசினார்கள். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். என்ன சாப்பிட்டேன்? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சர்க்கரை டாக்டரிடம் அதைச் சொன்னேன்.

"சோறு வாய்க்குப் போனா மண் மாதிரி இருக்கு டாக்டர். ரெண்டு வாய்க்கு மேல முடியலை."

"அதைத்தானே சார் நான் ரெண்டு வருஷமாக் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்று சிரித்தார்.

விடிகாலை விழிப்பு திரும்பி வந்தது. நெஞ்சின் மேல் உட்காருகிறவரும் வந்தார். மனைவியிடம் சொன்னேன். மெலியும்போது கொஞ்சம் சோர்வு இருக்கத்தான் செய்யும் என்றாள். அவள் முகத்தில் பல வருடங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் இருந்தது. அதை அணைக்க எனக்குத் தெம்பு இல்லை. நம் பழைய பாட்டுகளில் துயரப்பட்டவள் கை மெலிந்து வளை கழன்று விழும். பார்த்த தோழிக்கு உடனே புரிந்துவிடும். அந்தப் பாட்டுகளைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய ஊர்தான் இது. என் கைக்கடிகாரம் நழுவி முழங்கை வரை போனதைப் பார்த்து, "சூப்பர் சார்" என்றது.

நான் முதலில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை அப்போதுதான் வந்தது. ஆண்கள் வரிசையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றார் போதகர். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்து நின்றாள். எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

"என் கணவர் அஞ்சு வருஷமா மனுஷர் குடுத்த ஒரு மாத்திரைக்கு அடிமையா இருந்தாங்க. அதனால அவங்க சரீரம் பெருத்து, வியாதி பெருத்து, எங்க வீட்ல சமாதானம் இல்லாமப் போச்சு. கர்த்தர் அந்த அடிமைத்தனத்திலேர்ந்து அவங்களை விடுவிச்சார். இன்னிக்கு மாத்திரை இல்லாம, சரீரம் மெலிஞ்சு, புது மனுஷனா உங்க நடுவுல உட்கார்ந்திருக்காங்க."

"ஸ்தோத்திரம்" என்றது சபை. எல்லாத் தலைகளும் திரும்பின. அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ரயில் நேரங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கேயும் போவதற்காக அல்ல. இதற்குமேல் அதை விளக்க விருப்பமில்லை.

அந்த வாரத்திலோ அடுத்த வாரத்திலோ, வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பி ஆலைக்குப் போகாமல் ரயில் நிலையத்துக்குப் போனேன். நடைமேடையின் கடைசியில், சிமென்ட் பெஞ்சும் தாண்டி, சரளைக்கல் தொடங்கும் இடத்தில் நின்றேன். வெகுநேரம் நின்றிருப்பேன். நகரத்துக்குப் போகும் மின்சார வண்டி வந்து நின்றது. ஏன் ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. கதவு எனக்கு நேராக நின்றது, ஏறிவிட்டேன். ஏறிய பிறகு இறங்குவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது அந்த ஆஸ்பத்திரிதான்.

டாக்டர் அம்மா அங்கேயே இருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை:

"இப்படி மெலிஞ்சிட்டீங்களே."

"எல்லாரும் பாராட்டறாங்கம்மா."

"நான் பாராட்டலை. எப்ப நிறுத்தினீங்க?"

சொன்னேன். யார் சொல்லி நிறுத்தினேன் என்பதையும் சொன்னேன். திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு அதே மாத்திரையை, முதலில் குறைந்த அளவில், எழுதினார்.

"இதைச் சாப்பிட்டா எடை திரும்ப வரும். சர்க்கரையும் ஏறும். அதுக்கு வைத்தியம் இருக்கு, ஊசி இருக்கு. இது இல்லாம நீங்க இருக்கிற நிலைமைக்குத்தான் வேற வழி இப்ப எங்கிட்ட இல்லை. வீட்ல சொல்லிட்டுச் சாப்பிடுங்க. ஒளிச்சு வைக்காதீங்க."

சொன்னேன். மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் அட்டையை மேசைமேல் வைத்ததும் சிவப்புப் பேனாவை மூடினாள்.

"சபைல சொல்லிட்டேனே" என்றாள்.

"சொன்னா என்ன?"

"என்னவா? கர்த்தர் பேரைச் சொல்லிச் சொன்னது. நீங்க திரும்ப இதைத் தின்னு ஊதினா, கண்ணால பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? நான் பொய்சாட்சி சொன்னவளாயிடுவேன்."

"நான் எங்கே போய்ட்டு வர்றேன்னு நீ கேக்கவேயில்லை."

"எங்கே போனீங்க?"

நடைமேடையின் கடைசியைப் பற்றிச் சொன்னேன். அழுதாள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அழவில்லை. கடைசியில், "பாதி மாத்திரையா சாப்பிட்டா எடை வராம இருக்குமான்னு கேட்டீங்களா" என்றாள்.

நான் அன்றிலிருந்து அதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, தட்டைக் கழுவுவதற்கு முன்னால், அவள் எதிரில்தான் போட்டுக்கொண்டேன். ஒளிக்கவில்லை. அவள் அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஆடி மாதம் ஏறியபோது எனக்கு மறுபடி வாசனை தெரிந்தது. தேதிகளும் அங்கிருந்து மறுபடி ஒழுங்காகத் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய மாதங்களில் ஊரில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் மற்றவர்களிடம்தான் கேட்டுச் சொல்கிறேன்.

எடை வந்தது. மற்ற வியாதிகளை மறைக்கலாம். இதை மறைக்க முடியாது. ஞாயிறுதோறும் நானே என் மனைவியின் சாட்சிக்கு எதிராகப் போய் உட்கார்ந்தேன், ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் பெரிதாக. ஆராதனை முடிந்து வாசலில் ஒரு பெண்மணி என் காதுபடவே கேட்டார்.

"என்னம்மா டீச்சர், அண்ணன் பழையபடி ஆயிட்டாங்க. ஜெபத்தைக் குறைச்சிட்டீங்களா?"

மனைவி வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போவதை விட்டாள். பிறகு பெண்கள் ஐக்கியத்தையும் விட்டாள். அவளுக்கு அந்த ஐக்கியம்தான் பிறந்த வீடு, தோழி வீடு எல்லாம். என்னால் அவள் இழந்தது அது. அதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் பசிக்கிறது என்றால் மட்டும், "உங்களுக்கா, மாத்திரைக்கா" என்று கேட்பாள். மெலிந்திருந்தவனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவன் சாகக் கிடந்தவன் என்பது அவளுக்குத் தெரியாமல் இருந்தபோது பிடித்திருந்தது. தெரிந்த பிறகும் பிடித்திருந்தது. இதை எழுதும்போது அவளுக்கு அநியாயம் செய்கிறேனோ என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

சர்க்கரை டாக்டரும் அப்படித்தான். "எல்லாருக்கும் உங்களை உதாரணமாச் சொல்லிட்டிருந்தேன், இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றார். டாக்டர் அம்மா ஒரு கடிதம் கொடுத்திருந்தார். அதை நீட்டினேன். படிக்காமல் மேசைக்கண்ணாடியின் கீழே செருகிவிட்டு ஊசிக்கு எழுதினார். இரண்டு டாக்டர்களும் கடைசிவரை ஒருவரோடொருவர் பேசவில்லை. என் உடம்பு என்ற ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். நடுவில் தூது போகிறவன் நான்.

1996 மழைக்காலத்தில் ஆலைச் செருப்பு கடித்த புண் வலதுகால் சுண்டுவிரலில் கறுத்தது. வலிக்கவில்லை, அதனால் சிலநாள் கவனிக்கவில்லை. பூந்தமல்லி சாலையில் ஒரு சிறு நர்சிங் ஹோமில் சேர்த்து விரலை எடுத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, எப்படி ஆயிற்று என்று விசாரித்தாள். "வாயைக் கட்டலை" என்றாள் என் மனைவி. மருந்து மயக்கம் தெளிந்து நான் கேட்ட முதல் பேச்சு அது.

வீட்டிலிருந்து அவள் பை நிறையக் கொண்டுவந்திருந்தாள். துண்டு, டம்ளர், பைபிள், ஊசி, சர்க்கரை மாத்திரை. அது இல்லை.

"அந்த மாத்திரை எங்கே?"

"மறந்துட்டேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். மறந்தவள் முகமா, அல்லவா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இவ்வளவு வருடங்களுக்குப் பிறகும் சொல்ல முடியவில்லை.

"விரலே போயிடுச்சு" என்றாள் மெதுவாக. "இன்னும் அது வேணுமா? இனிமேயாவது விட்டுப் பாக்கலாமே."

மைத்துனன் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அதற்குள் கல்யாணமாகி, காதோரம் நரைக்க ஆரம்பித்திருந்தது. கட்டிலுக்கு அருகே வந்தான்.

"ஒனக்கு அது இல்லன்னா முடியாதா மாமா?"

"முடியாது."

"ஒரு நாளு?"

"ஒரு நாள் முடியும். அப்புறம் உங்கக்கா ரெண்டு நாள்னு சொல்லுவா."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரும்போது முழுக்க நனைந்திருந்தான். சட்டைக்குள்ளிருந்து ஒரு புது அட்டையை எடுத்தான்.

"ஊட்ல இருந்த அட்ட காலி. அத்த எட்த்துகினு மருந்துக் கடைக்குப் போனேன். அந்தாளு என்ன மேலயும் கீழயும் பாக்குறான். யாருக்குன்னு கேட்டான். எனக்குத்தான்னு சொல்ட்டேன்."

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"பின்ன? அவன் நம்ம சபைக்கு வர்றவன். உனக்குன்னு சொன்னா அக்கா பேரு கெடும்."

மனைவி அப்போதும் திரும்பவில்லை. பையிலிருந்த துண்டை எடுத்து, மடித்திருந்ததை உதறி, மறுபடி மடித்தாள். நான் அட்டையைப் பிரித்து மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். தண்ணீரை அவன்தான் ஊற்றிக் கொடுத்தான்.